சோள வேரை ஒட்டுக்கேட்கும் விதை

சோளக்கொல்லையில் வருஷா வருஷம் சுடுமல்லிக் களையைப் பிடுங்கியும் தீரவில்லையே, விதை எங்கிருந்துதான் வருகிறது என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். எங்கிருந்தும் வரவில்லை, அந்த மண்ணிலேயேதான் கிடக்கிறது. ஒரே செடி 50,000 விதைகளுக்கு மேல்கூடப் போடும். ஒவ்வொன்றும் தூசி மாதிரி, ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். பத்து வருஷத்துக்கு மேலும் மண்ணுக்குள் உயிரோடு இருக்கும்.

சுடுமல்லி வேர் ஒட்டுண்ணி. பச்சை இலை இருந்தாலும் தண்ணீரும் சத்தும் சோளம், கரும்பு வேர்களிலிருந்துதான். அது மண்ணுக்கு மேலே தலைகாட்டும் முன்பே பெரும்பகுதிச் சேதம் முடிந்திருக்கும். ஈரம் இருந்தும் பயிர் வாடுகிறதே, கண் பட்டுவிட்டது என்று புள்ளி வைத்த பானையைக் கொல்லையில் நட்டு வைக்கிறவர்கள் உண்டு. பானை இருந்துவிட்டுப் போகட்டும். வாடிய பயிர் ஒன்றை மண்ணோடு தோண்டி, வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிறிய முளைகள் கண்ணுக்கே தெரியும்.

இவ்வளவு சின்ன விதையில் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. முளைத்தால் சில நாளைக்குள், சில மில்லிமீட்டர் தூரத்துக்குள் ஒரு வேர் கிடைத்தாக வேண்டும், இல்லையென்றால் சாவுதான். அதனால் ஈரமும் வெதுவெதுப்பும் மட்டும் இருந்தால் அது முளைக்காது. ஒன்றிரண்டு வாரம் ஈரத்தில் ஊறிய பிறகு, வேரிலிருந்து கசியும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற ரசாயனம் வந்து தொட வேண்டும். மண்ணில் இது சீக்கிரம் சிதைந்துவிடும். ஆகவே, அது விதையை எட்டினால் உயிருள்ள வேர் பக்கத்திலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

1966-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த வகை ரசாயனத்தை முதன்முதலாகப் பிரித்தெடுத்தது சோளத்திலிருந்து அல்ல, பருத்தி வேரிலிருந்து! பருத்தியில் சுடுமல்லி ஒட்டி வளரவே முடியாது. அப்புறம் ஏன் பருத்தி அதைத் தயாரிக்கிறது? சோளம்தான் ஆகட்டும், தன்னை உறிஞ்சப்போகும் எதிரியை எதற்காக எழுப்பிவிடுகிறது?

விடை வர 2005 ஆயிற்று. ஜப்பானில் கோகி அகியாமாவின் குழு, இதே ரசாயனம் பட்டதும் வேர்ப்பூஞ்சையின் இழைகள் கிளைவிட்டுப் பரவுவதைக் கண்டது. வேர்ப்பூஞ்சை மண்ணிலிருந்து மணிச்சத்தை (பாஸ்பரஸை) வேருக்குக் கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்குச் செடியிடமிருந்து உணவு வாங்கிக்கொள்ளும். மணிச்சத்து குறைந்தால் வேர் கூடுதலாக ஸ்ட்ரைகோலாக்டோனைக் கசியவிடும். சோளம் கூப்பிட்டது பூஞ்சையை. சுடுமல்லி அதை ஒட்டுக்கேட்டு எழுந்துகொள்கிறது. சத்தில்லாத நிலத்தில் இந்தக் களை கூடுதலாக இருப்பதற்கும் இது ஒரு காரணம்.

சுடுமல்லியின் 'காது' எனக்கு இன்னும் அதிகமாகப் பிடிக்கும். காட்டுத்தீக்குப் பிறகு புகையிலுள்ள கரிக்கின் என்ற ரசாயனங்களை உணர்ந்து முளைக்கப் பல செடிகளுக்கு உதவும் ஒரு புரதம் உண்டு. சுடுமல்லியின் ஆப்பிரிக்க இனம் அதே புரதத்தின் மரபணுவைப் பல நகல்கள் எடுத்து, சிலவற்றை ஸ்ட்ரைகோலாக்டோனை உணரும்படி மாற்றிக்கொண்டுவிட்டது. நம்ப முடியாத அளவு நீர்த்த கரைசலிலும் அது உணர்ந்துவிடும்.

பூஞ்சை இழையை ஆராய்ந்து யாருக்கு என்ன லாபம் என்று நிதி ஒதுக்கும் இடங்களில் கேட்கிறவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்வேன். 39 வருஷப் புதிரை அவிழ்த்தது களை ஆராய்ச்சி அல்லவே.

ஒட்டுக்கேட்கிறவனை ஏமாற்றவும் முடியும். 1956-ல் அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் சுடுமல்லி கண்டுபிடிக்கப்பட்டது. பிற்பாடு, பயிரில்லாத மண்ணில் எத்திலீன் வாயுவைச் செலுத்தி விதைகளை முளைக்க வைத்தார்கள். ஒட்ட வேர் இல்லாமல் அவை செத்தன. நம் விவசாயிக்கு வாயு கட்டுப்படியாகாது, பருத்தி கட்டுப்படியாகும். சோளத்துக்கு மாற்றாகப் பொறிப்பயிராக அதைப் போட்டால், விதைகளில் ஒரு பகுதி ஏமாந்து முளைத்துச் சாகும். எத்தியோப்பியாவில் பிறந்த பயிர் விஞ்ஞானி கெபிசா எஜெட்டா உருவாக்க உதவிய எதிர்ப்புச் சோள ரகங்களில் சில, சுடுமல்லியை எழுப்பும் ரசாயனத்தை மிகக் குறைவாகவே கசியவிடுகின்றன. 2009-ல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

பொறிப்பயிரை ஒரு பருவம் போட்டுவிட்டு நிறுத்தக் கூடாது, மண்ணில் மிச்ச விதை இருக்கும். பிடுங்குவதாக இருந்தால் பூக்கும் முன்பே பிடுங்க வேண்டும். காய்த்த செடியை வரப்பில் வீசினால், அடுத்த மழையில் விதை திரும்பக் கொல்லைக்குள் இறங்கிவிடும்.