"கவர் ஒண்ணு குடுங்க"

நகராட்சியில் துப்புரவு ஆய்வாளர் வேலை என்பதால், கடைவீதிக்காரர்களுக்கு நான் 'கவர் பிடிக்கிற சார்'. என் வண்டியைக் கண்டதும் பிளாஸ்டிக் கவர்க்கட்டு கல்லாவுக்கு அடியில் போகும். நான் தெருமுனை திரும்பியதும் மேலே வந்துவிடும். தமிழ்நாட்டில் இந்தக் கவர்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அபராதம் போட்டுப் போட்டு என் ரசீதுப் புத்தகம் தீர்ந்ததே தவிர, கவர் தீரவில்லை.

மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர் அபராதத்தைக் கட்டிவிட்டுக் கேட்டார்: "சார், கவர் இல்லேன்னா அரைக்கிலோ சர்க்கரைக்கு வந்தவரு எதிர்க்கடைக்குப் போயிருவாரு. அங்க நிறுத்திட்டு வாங்க, நானும் நிறுத்துறேன்." நியாயமான பேச்சு. அதிலிருந்து தனித்தனிக் கடையாகப் போவதை விட்டேன். வணிகர் சங்கத்தில் உட்கார்ந்து பேசி, ஒரு தெரு முழுக்க ஒரே தேதியில் நிறுத்தச் சொன்னோம். போவதற்கு எதிர்க்கடை இல்லாமல் போனதும், முணுமுணுத்துக்கொண்டே ஆட்கள் பையோடு வர ஆரம்பித்தார்கள்.

பல கடைக்காரர்கள் ஏமாற்றப்பட்டும் இருக்கிறார்கள். "இது 120 மைக்ரான், செல்லும்" என்று மொத்த வியாபாரி தலையில் கட்டிவிடுகிறார். மைக்ரான் என்பது கனத்தின் அளவு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கவர் குறைந்தது 120 மைக்ரான் இருக்க வேண்டும் என்பது 2022 டிசம்பர் 31 முதல் நாடு முழுவதற்குமான மத்திய விதி. நம் மாநிலத் தடையில் கனம் ஒரு பொருட்டே இல்லை. இன்னொன்று, துணிக்கடையில் தருகிற, துணி மாதிரியே இருக்கும் பை. அது நெய்த துணி அல்ல, பாலிபுரோப்பிலீன் என்கிற பிளாஸ்டிக். அதுவும் தடைப் பட்டியலில் உண்டு. ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள்: துணியென்றால் நூல் பிரியும். சந்தேகம் தீரவில்லையா, ஒரு துணுக்கைக் கொளுத்துங்கள். பருத்தி எரிந்து சாம்பலாகும், இது உருகிச் சொட்டும். நான் பேசுவதைவிட இந்தத் தீக்குச்சிதான் கடைக்காரர்களை நம்ப வைத்தது.

பருப்பு, அரிசி, சோப்புக்கு மாற்றுத் தேடவே வேண்டாம், ஒரு மஞ்சப்பை போதும். அண்ணாச்சி இப்போது பத்து ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு துணிப்பை தருகிறார். பையைத் திருப்பினால் பணம் திரும்பும். முக்கால்வாசிப் பேர் திருப்புவதில்லை, அடுத்த முறை அதையே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நமக்கு வேண்டியதும் அதுதானே. வாட்ஸ்அப்பில் சாமான் பட்டியல் அனுப்புகிறவர்களுக்கு, "ரெடி, பை கொண்டு வாங்க" என்று பதில் போடுகிறார். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் கண்ணில் படுவதால், சுவரில் ஒட்டுகிற நோட்டீஸைவிட இதற்குப் பலன் அதிகம். பூக்கடை அக்காவுக்கு நான் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வாழையிலையும் நாரும் அவருக்குப் பழக்கம். கவர் கேட்பவர்களுக்காகத்தான் வாங்கி வைத்திருந்தாராம்.

ஈரப் பண்டம்தான் சிக்கல். கொதிக்கிற சாம்பாரைக் கவரில் ஊற்றி ரப்பர் பேண்ட் போடுவது எப்போதிலிருந்து நமக்கு அருவருப்பாகத் தெரியாமல் போனதோ! ஒரு ஓட்டலில், தூக்குவாளி கொண்டு வந்தால் பார்சலுக்கு ஐந்து ரூபாய் குறைக்கிறார்கள். சாயங்கால டீக்கடைகளோ கவரை விட்டுச் செய்தித்தாளுக்கு மாறி, அதில் பஜ்ஜி மடித்தன. அச்சு மை உணவில் இறங்கும் என்பதால், அது கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது. அங்கே வாழையிலைத் துண்டுக்கு மாற்றியிருக்கிறோம்.

கறிக்கடையில்தான் இன்னும் தோற்றுக்கொண்டிருக்கிறேன். தாமரை இலையில் சுற்றிய காலம் உண்டு, இன்று எங்கள் ஊரில் அந்த இலை வரத்தில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வரிசையில் பாத்திரத்தோடு நிற்பவர்களை எண்ணிப் பார்க்கிறேன். பெரும்பாலும் வயதானவர்கள். போன வாரம் ஒரு கல்லூரிப் பையன் எவர்சில்வர் டப்பாவோடு வந்தான். விசாரித்தேன், "பாட்டி குடுத்து விட்டாங்க சார்" என்றான்.