மாதக் கணக்கு சரி, தினக் கணக்கு?

காரைக்குடியில் இருந்துகொண்டே அமெரிக்கத் தொழிற்சாலைகளின் எரிவாயு பில்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஒஹையோவில் வார்ப்பட ஆலை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் தை மாதக் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருந்தார். முகப்புத் திண்ணையில் உட்கார்ந்ததும் ஒரு பில்லை நீட்டினார்.

"மாசம் பூரா வாங்கினதும் எரிச்சதும் ஒண்ணுதான் தம்பி. அப்புறம் எதுக்கு இந்த பேலன்சிங் கட்டணம்?"

அவர் வாயு வாங்குவது தனி வியாபாரியிடம். ஊர் எரிவாயு நிறுவனம் தன் குழாயில் கொண்டுவந்து கொடுப்பதோடு சரி. 1992-ல் அமெரிக்க மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் போட்ட 636-ஆம் உத்தரவு பெரிய குழாய் நிறுவனங்களில் விற்பனையையும் போக்குவரத்தையும் பிரித்ததிலிருந்து இந்த முறை பெருகியது. நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். அதுதான் நாமினேஷன்.

அண்ணன் தினமும் சொல்லியிருந்தது 1,000 டெகாதெர்ம். வாயுவை அதன் வெப்பத்தால் அளக்கும் அலகு அது. ஒரு டெகாதெர்ம் என்பது பத்து லட்சம் பிடியு (BTU என்ற சிறிய வெப்ப அலகு). ஒரு செவ்வாய்க்கிழமை உலை பழுதாகி 600 மட்டுமே எரிந்தது. மறுநாள் விட்டதைப் பிடிக்க 1,400 எரித்தார். கூட்டினால் கணக்கு நேர். ஆனால் செவ்வாய்க்கிழமை மிஞ்சிய 400-ஐ நிறுவனம் தன் சேமிப்புக் கிடங்கில் ஏற்றியது, புதன்கிழமை அங்கிருந்தே எடுத்துக் கொடுத்தது. அவருடைய ஒப்பந்தத்தில், சொன்ன அளவில் பத்து சதவீதம் வரையிலான வித்தியாசத்துக்கு விலக்கு உண்டு. அதுபோக முதல் நாள் 300, மறுநாள் 300. ஆக, ஏற்றி இறக்கிய 600 டெகாதெர்முக்குப் பேலன்சிங் கட்டணம்.

என்னைக் கேட்டால் இது நியாயமான கட்டணம்தான். கிடங்கு வாடகை ஊர் வீடுகளின் பில்லிலும் சேர்கிறது. ஆலையின் ஏற்ற இறக்கத்துக்கு, குளிரில் வீட்டைச் சூடாக்கும் ஒரு பாட்டி ஏன் பணம் கட்ட வேண்டும்? எனக்கு வருத்தமெல்லாம், முதலாளிகள் மாதக் கடைசி பில்லைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை என்பதில்தான்.

கடுங்குளிரில் நிறுவனம் எச்சரிக்கை உத்தரவு போட்டால் விலக்கு சுருங்கும், அபராதம் ஏறும். 2021 பிப்ரவரிப் பனிப்புயலின்போது ஓக்லஹோமாவில், வழக்கமாகச் சில டாலருக்குக் கிடைக்கும் பத்து லட்சம் பிடியு வாயு 1,000 டாலரைத் தாண்டியது. அப்படி ஒரு நாளில் சொன்னதைவிடக் கூடுதலாக எரித்தவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

எங்கள் ஐயா பர்மாவில் கொடுக்கல் வாங்கல் பார்த்தவர். அன்றைய வரவு செலவைப் பேரேட்டில் ஏற்றாமல் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார மாட்டாராம். வாயுக் கணக்குக்கும் அதே பழக்கம்தான் வேண்டும். தினமும் மீட்டரைப் பாருங்கள். உலை நின்றால் உடனே வியாபாரிக்குப் போன் போடுங்கள். மாநிலம் தாண்டும் குழாய்களில் அன்றைக்கே நாமினேஷனை மாற்ற மூன்று வாய்ப்பு உண்டு. பல ஆலைகளை ஒரே தொகுப்பாகச் சேர்க்கும் வியாபாரியாக இருந்தால் இன்னும் நல்லது. ஒருவர் மிச்சம் இன்னொருவர் குறையை அடைத்துவிடும்.

அங்கே வாயு நாள், அதாவது வாயுக் கணக்குக்கான 24 மணி நேரம், முடிவது அமெரிக்க மத்திய நேரம் காலை 9 மணிக்கு. தை மாதத்தில் நமக்கு இரவு எட்டரை. அன்றிரவு பந்திக்குப் போகும் முன் அண்ணனின் போனில் மீட்டர் கணக்கைத் திறந்து பார்த்தோம். 40 டெகாதெர்ம் குறைவு. விலக்குக்குள்தான் இருந்தது.