விட்ஜெட்: திரைவில்லை

கணினித் திரையின் ஓரத்தில் மணியையோ வெப்பநிலையையோ நாள்காட்டியையோ மட்டும் காட்டிக்கொண்டு சும்மா நிற்கும் சிறு கட்டத்துக்குப் பெயர் விட்ஜெட். ஊட்டி மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டிருப்பவர், கையை எடுக்காமலே ஓரக்கண்ணால் ‘4 டிகிரி’ என்று பார்த்துக்கொள்கிறாரே, அதுதான். திறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். கண் பட்டால் போதும்.

இதற்குத் தமிழ்ச்சொல் தேடுபவர்கள் முதலில் ஆங்கில மூலத்தைத் தேடிப்போய் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அந்தச் சொல்லில் எடுக்க ஒன்றும் இல்லை. காட்ஜெட் என்பதன் திரிபாக 1920களில் அமெரிக்காவில் பிறந்தது என்பது அகராதிகள் பொதுவாகச் சொல்வது. காட்ஜெட் என்பதோ, பெயர் நாக்கில் வராத உறுப்பைக் குறிக்க 19ஆம் நூற்றாண்டு மாலுமிகள் சொன்னது. நம் வீடுகளில் “அந்த இதை எடுடா” என்கிறோம் அல்லவா, அந்த ‘இது’தான் காட்ஜெட். 1924இல் மேடையேறிய காஃப்மன், கானெலி இருவரின் ‘பெக்கர் ஆன் ஹார்ஸ்பேக்’ நாடகத்தில் ஒரு பணக்காரரின் தொழில் விட்ஜெட் தயாரிப்பு. பிறகு பொருளியல் பாடநூல்கள் இதைப் பிடித்துக்கொண்டன: ‘ஒரு தொழிற்சாலை 100 விட்ஜெட் செய்கிறது’ என்றால் ஏதோ ஒரு பொருள் என்று கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கணினிக்குள் இது நுழைந்ததும் இந்த வெறுமைக்காகவே. அமெரிக்காவின் எம்ஐடியில் நடந்த அதீனா திட்டத்தில் எக்ஸ் டூல்கிட் என்ற, சாளரங்களைக் கட்ட உதவும் நிரல்தொகுப்பை உருவாக்கியவர்கள், பொத்தான், உருள்பட்டை போன்றவற்றுக்குப் பொதுப்பெயர் தேடினார்கள். புழக்கத்தில் இருந்த மற்ற சொற்கள் எல்லாம் வேறு பொருள்களைச் சுமந்திருந்ததால் விட்ஜெட்டைத் தேர்ந்ததாக 1988இல் எழுதிவைத்தார்கள்.

ஆகவே கணினியில் இரண்டு விட்ஜெட்கள் உண்டு. இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். செயலி கட்ட உதவும் கியூட்டி, ஃப்ளட்டர் போன்ற நிரல்தொகுப்புகளின் ஆவணங்களில் வரும் விட்ஜெட், திரையைக் கட்டும் செங்கல்: பொத்தான், எழுத்துப்பெட்டி, பட்டியல். அதை ‘இடைமுக உறுப்பு’ என்பது சரி. திரையின் மேல் தனியாக நிற்கும் விட்ஜெட் வேறு. இந்தக் கட்டுரை பேசுவது அந்த இரண்டாவதைத்தான்.

இதை வலைநுட்பத்தோடு சேர்த்துக் கட்டியது 2003 முதல் 2007 வரையிலான காலம். 2003இல் கான்ஃபாபுலேட்டர் என்ற மென்பொருள் வந்தது. வலைப்பக்க நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர் யாரும் மேக் திரைக்கு ஒரு விட்ஜெட் எழுதலாம் என்றானது. 2005இல் அதை யாஹூ வாங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் மேக்கில் விட்ஜெட்களுக்கென்றே ஒரு தளமாக ஆப்பிள் டாஷ்போர்டு வெளியானது. அதில் விட்ஜெட் என்றால் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கொண்ட ஒரு சிறு வலைப்பக்கம். இன்று எல்லா உலாவியிலும் இருக்கும் ‘கேன்வாஸ்’ என்ற, படம் வரைவதற்கான எச்டிஎம்எல் குறி முதலில் இந்த டாஷ்போர்டு விட்ஜெட்களுக்காக ஆப்பிள் உண்டாக்கியதுதான். பிள்ளை பெரியவனாகி ஊரையே ஆண்டான். தாய்வீடான டாஷ்போர்டு 2019இல் இடிக்கப்பட்டது. விண்டோஸ் விஸ்டா இதையே 2007இல் காட்ஜெட் என்று அழைத்தது. திரிந்த சொல் தாய்ச்சொல்லுக்கே திரும்பிய வேடிக்கை அது. அந்தக் காட்ஜெட்கள் பயனரின் முழு உரிமையோடு ஓடியதால், தீய நிரல் புகும் வழியாகிவிடும் என்று 2012இல் மைக்ரோசாஃப்டே அவற்றை முடக்கச் சொன்னது.

இனித் தமிழ். ‘குறுஞ்செயலி’ அளவை மட்டும் சொல்கிறது. விட்ஜெட் சின்ன செயலி அல்ல, வேறு வகைப் பொருள். ‘கருவி’ என்றால் கையில் எடுத்து வேலை பார்ப்பது. விட்ஜெட்டைக் கையில் எடுப்பதே இல்லை. ‘துணுக்கு’ நல்ல சொல்தான், ஆனால் நிரல்துணுக்கு என்று வேறு இடத்தில் வேலைக்குப் போய்விட்டது. மிஞ்சுவது ‘வில்லை’. சோப்பு வில்லை, கற்பூர வில்லை, மருந்து வில்லை என்று சிறிதாய், தட்டையாய், ஒற்றைப் பயனுக்காக இருப்பது. ஒட்டுவில்லை என்றால் ஒரு பரப்பில் ஒட்டிக்கொள்வது. பழைய கச்சேரிகளில், அதாவது அரசு அலுவலகங்களில், மார்பில் பித்தளை அடையாளம் தரித்து நின்றவர் வில்லைச்சேவகன். யார் என்பதைப் பார்த்ததும் சொல்லிவிடும் அந்தத் தகடு. சிறியது, ஒட்டியிருப்பது, பார்த்ததும் சொல்வது: மூன்றும் விட்ஜெட்டின் இலக்கணம். எனவே ‘திரைவில்லை’. சேர்த்தே எழுத வேண்டும். பிரித்தால் ‘இல்லை’யின் வால் போலத் தெரியும். ‘திரைவில்லை வரவில்லை’ என்று எழுத நேர்ந்தால் ‘தெரியாமல் இருக்கிறது’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

எது திரைவில்லை ஆகத் தகும் என்பதற்கும் இந்தச் சொல்லே உரைகல். பச்சைத் தேயிலைக்கு மாதம் ஒருமுறை அறிவிக்கப்படும் விலையைத் திரையில் நிரந்தரமாக ஒட்டிவைப்பதில் பொருளில்லை. சுவரில் எழுதிவைத்தால் போதும். நாளுக்குள் பலமுறை மாறுவது, மாறினால் ஒரு முடிவு எடுக்கவேண்டியிருப்பது என்றால் தகும். நீலகிரியில் அதற்கு முதல் எடுத்துக்காட்டு டிசம்பர், ஜனவரி உறைபனி. நாற்றுக்கு மூடாக்குப் போடுவதா வேண்டாமா என்பது அந்தி சாய்வதற்குள் தெரிய வேண்டும்.

அந்த வெப்பநிலையை இணையம் வழியே நம் நிரலுக்குத் தரும் ஓப்பன்-மீட்டியோ என்ற வானிலைச் சேவை, வணிகமல்லாத பயன்பாட்டுக்கு நாளுக்கு 10,000 அழைப்புக்குள் இலவசம் (நிரல் ஒருமுறை தரவு கேட்பது ஒரு அழைப்பு); பதிவுசெய்து பெறும் அடையாளச் சாவியும் கேட்பதில்லை. அதன் ‘தற்போதைய’ நிலவரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதால், அதே இடைவெளியில் கேட்டால் நாளுக்கு 96 அழைப்பு. பழக்கதோஷத்தில் நொடிக்கு ஒருமுறை என்று எழுதிவிட்டால் 86,400. மூன்று மணி நேரத்துக்குள் வரம்பு தீர்ந்துவிடும், புதிதாக ஒரு எண்ணும் கிடைக்காது.

மலைக்கு உரிய பிழை உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி சுமார் 1,900 மீட்டர் ஏற்றம். 1,000 மீட்டர் ஏறினால் 6.5 டிகிரி குறையும் என்று வைத்தால் 12 டிகிரி வித்தியாசம். அகலாங்கை, நெட்டாங்கை 11.4, 76.7 என்று ஒரே தசமத்தோடு கொடுத்தால் புள்ளி சில கிலோமீட்டர் வரை தள்ளி விழக்கூடும். மலையில் அது வேறு பள்ளத்தாக்காகவும் இருக்கலாம். நான்கு தசமம் கொடுங்கள். பதிலில் ‘எலிவேஷன்’ என்று வரும் எண் உங்கள் இடத்து உயரத்தோடு ஒத்துவருகிறதா என்று ஒருமுறை பாருங்கள். வராவிட்டால் அதே பெயரில் சரியான உயரத்தை நீங்களே அனுப்பலாம். இன்னொன்று: வருவது தரையிலிருந்து 2 மீட்டர் உயரக் காற்றின் வெப்பநிலை. மேகமில்லாத, காற்றசையாத இரவில் புல்மட்டம் அதைவிடப் பல டிகிரி குளிர்ந்துவிடும். ஊட்டி அருகே உள்ள தலைகுந்தா மாதிரி குளிர்காற்று வடிந்து தேங்கும் தாழ்வான இடத்தில் திரை 3 டிகிரி காட்டும்போதே புல் வெளுத்திருக்கும். எனவே எச்சரிக்கையாக வில்லையின் நிறம் மாறும் எல்லையை 0 அல்ல, 4 என்று வையுங்கள்.

வலைநுட்பத்தைக் கொண்டு கணினிச் செயலி கட்ட உதவும் நிரல்தொகுப்புகளில் எலக்ட்ரான் ஒரு வழி. ஆனால் அது குரோமியம் உலாவியையே மூட்டைகட்டித் தூக்கி வருகிறது. ஒரு எண்ணைக் காட்ட நூறு எம்பி அளவுக்குப் பொதி. இன்னொன்றான டௌரி, இயங்குதளத்தில் ஏற்கெனவே இருக்கும் வலைக்காட்சியை (வெப்வியூ) பயன்படுத்துவதால் பொதி சில எம்பியோடு முடிகிறது. ஒற்றை வில்லைக்கு டௌரியே மேல். அமைப்புக் கோப்பில் சாளரத்துக்கு அகலம் 220, உயரம் 120 கொடுத்து, ‘டெக்கரேஷன்ஸ்’, ‘ரீசைசபிள்’ இரண்டையும் அணைத்து, ‘டிரான்ஸ்பரன்ட்’, ‘ஸ்கிப் டாஸ்க்பார்’, ‘ஆல்வேஸ் ஆன் பாட்டம்’ மூன்றையும் இயக்க வேண்டும். பின்னணி இன்னும் வெள்ளையாகவே தெரிந்தால், சிஎஸ்எஸ்ஸில் பக்கத்தின் பின்னணியை ஒளிபுகும்படி வைக்க மறந்திருப்பீர்கள். மேக்கில் மட்டும் ‘மேக்ஓஎஸ் பிரைவேட் ஏபிஐ’ என்ற அமைப்பையும் இயக்க வேண்டும். ஓரச்சட்டம் இல்லாத சாளரத்தை நகர்த்த, இழுக்கும் பகுதியை ஒரு பண்புக்கூறால் குறிக்க வேண்டும். டௌரி 2இல் அதோடு ‘ஸ்டார்ட் டிராகிங்’ அனுமதியையும் சேர்க்காவிட்டால் வில்லை அசையாது, திரையில் பிழைச்செய்தியும் வராது. லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் முறைகளில் ஒன்றான வேலாண்டில் சாளரம் தன் இடத்தைத் தானே குறிக்க முடியாது. மறுநாள் வேறு மூலையில் நின்றால் உங்கள் நிரலைக் குறைசொல்ல வேண்டாம்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து இணையம் போவது மலையில் வழக்கம். அப்போது கட்டம் வெறுமையாகிவிடவும் கூடாது, பழைய எண்ணைப் புதியதுபோலக் காட்டவும் கூடாது, இரண்டாவதுதான் ஆபத்து. கடைசி மதிப்பை நேரத்தோடு சேமித்து, 45 நிமிடம் தாண்டினால் எழுத்தை மங்கவைத்து ‘காலை 6:15 நிலவரம்’ என்று காட்டுங்கள். அழைப்புக்கு 10 நொடிக் கெடு வையுங்கள். மடிக்கணினி தூங்கி எழுந்ததும் கடிகாரச் சுற்றுக்குக் காத்திராமல் உடனே கேட்கச் செய்யுங்கள். வரும் சொற்றொடரை வெறும் எழுத்தாகவே இடும் ‘டெக்ஸ்ட் கன்டென்ட்’ வழியாக மட்டும் பக்கத்தில் இடுங்கள். எச்டிஎம்எல்லாக உள்ளே விட்டால் 2012இன் கதைதான்.

தமிழ் எழுத்துக்கும் இரண்டு கவனிப்பு. வரியுயரம் 1 என்றால் ‘கீ’, ‘டீ’ ஆகியவற்றின் மேல்சுழி வெட்டுப்படலாம், 1.5 வையுங்கள். ஊர்ப்பெயரைச் சுருக்க, சொல்லை வெட்டும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையான ‘ஸ்லைஸ்’ பயன்படுத்தினால், ‘கோத்தகிரி’ நமக்கு 5 எழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்கு 9. மூன்றில் வெட்டினால் புள்ளி போய் ‘கோத’ என்று நிற்கும். எழுத்தைப் பிரித்தெண்ண ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கும் ‘இன்டல் செக்மென்டர்’ ஐந்து என்றே எண்ணும்.

வினைச்சொல்லும் வில்லைக்கு ஏற்றதாக இருக்கட்டும். செயலியை நிறுவுகிறோம், திரைவில்லையைப் பொருத்துகிறோம், நகர்த்துகிறோம், கழற்றுகிறோம். வலச்சொடுக்குப் பட்டியலில் ‘நிறுவல்நீக்கம் செய்க’ என்பதற்குப் பதில் ‘கழற்று’ என்று இட்டால் 220 புள்ளி அகலத்துக்குள் தாராளமாக அடங்கும்.