விளம்பர ஏலத்தில் வயதின் விலை

மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு சிறு வணிகரை எடுத்துக்கொள்வோம். அவர் இன்ஸ்டாகிராமிலும் பேஸ்புக்கிலும் நாளொன்றுக்கு 500 ரூபாய் செலவில் விளம்பரம் போடுகிறார். வயது வரம்பை 18 முதல் 65 வரை திறந்து வைக்கிறார். ஒரு வாரம் கழித்து அறிக்கையைப் பார்த்தால், விளம்பரத்தைக் கண்டவர்களில் பெரும்பகுதியினர் 18–24 என்ற வயதுக் கட்டத்தில் குவிந்திருக்கிறார்கள். லைக்குகள் நூற்றுக்கணக்கில் வந்திருக்கின்றன; ஆர்டர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சுங்குடி பிடிக்கவில்லை’ என்று அவர் முடிவுகட்டினால் அது அவசர முடிவு. எந்த வயதினரிடம் அந்த விளம்பரத்தைக் காட்டுவது தளத்துக்கு எளிதாக இருந்தது என்பதைத்தான் அந்த அறிக்கை முதலில் சொல்கிறது. வாங்கக்கூடியவர்களின் வயதை அதிலிருந்து நேரடியாகப் படித்துவிட முடியாது.

இதற்குக் காரணம் விளம்பர ஏலம். ஒருவர் செயலியைத் திறந்து திரையை நகர்த்தும்போது, அவருக்குக் காட்ட வேண்டிய ஒவ்வொரு விளம்பர இடத்துக்கும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. இவ்விரு தளங்களையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் முறையில், அதிகப் பணம் தருபவர் என்பதற்காக மட்டுமே ஒருவர் வெல்வதில்லை. விளம்பரதாரர் தரத் தயாராக இருக்கும் தொகையை, அவர் எதிர்பார்க்கும் செயலைத் திரையைப் பார்க்கும் அந்த மனிதர் செய்வார் என்று கணினி மதிப்பிடும் வாய்ப்பால் பெருக்கி, அதனுடன் விளம்பரத்தின் தர மதிப்பையும் கூட்டினால் கிடைக்கும் மொத்த மதிப்பு யாருக்கு அதிகமோ அவருடைய விளம்பரமே திரைக்கு வரும். வயது இந்தக் கணக்கில் இரண்டு வழியாக நுழைகிறது. ஒன்று, ‘இவர் விளம்பரத்தைத் தொடுவாரா’ என்ற மதிப்பீட்டின் வழியாக. மற்றொன்று போட்டியின் வழியாக: சம்பாதித்துச் செலவழிக்கும் வயதில் இருப்பவர்களின் திரைக்கு வங்கிகளும் வீட்டுமனை விற்பவர்களும் நகைக்கடைகளும் மோதிக்கொள்ளும்போது அந்த இடத்தின் விலை ஏறிவிடுகிறது. கல்லூரி மாணவரின் திரைக்கு அவ்வளவு மோதல் இல்லையென்றால், 500 ரூபாய் தானாகவே அந்தப் பக்கம் வழிந்தோடும்.

இந்த இழுப்பை மிகத் தெளிவாகக் காட்டிய ஆய்வு, அஞ்சா லாம்ப்ரெக்ட், கேத்தரின் டக்கர் என்ற இரு பேராசிரியர்கள் 2019-இல் வெளியிட்டது. அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் உள்ள வேலைவாய்ப்பைப் பற்றிய ஒரு விளம்பரத்தை, ஆண் பெண் வேறுபாடு எதுவும் குறிப்பிடாமல், 191 நாடுகளில் பேஸ்புக்கில் அவர்கள் வெளியிட்டார்கள். அது ஆண்களுக்கே அதிகம் காட்டப்பட்டது. இடைப்பட்ட உழைக்கும் வயதினரிடையே அந்த இடைவெளி கூடுதலாக இருந்தது. பெண்கள் அதைத் தொடவில்லை என்பதா காரணம்? இல்லை, கண்ட பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகத் தொடவில்லை. அந்த வயதுப் பெண்களின் கவனத்துக்கு மற்ற விளம்பரதாரர்கள் அதிக விலை கொடுத்ததால், செலவைக் குறைக்கும்படி அமைக்கப்பட்ட கணினி அவர்களைத் தவிர்த்துவிட்டது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். சேலை வணிகர் அடைய நினைப்பதும் பெரும்பாலும் அதே விலையேறிய கூட்டத்தைத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி ஒரு கற்பனைக் கணக்கு. ஆயிரம் முறை விளம்பரத்தைக் காட்ட இளைஞர்களிடம் 40 ரூபாயும் நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் 80 ரூபாயும் ஆகிறது என்று கொள்வோம். இரு சாராரும் நூற்றுக்கு இரண்டு பேர் வீதம் தொடுகிறார்கள் என்றால், ஒரு தொடுதலுக்கு இங்கே 2 ரூபாய், அங்கே 4 ரூபாய். இளைஞர்கள் மலிவு என்றே தோன்றும். ஆனால் இளைஞர்களில் 200 தொடுதலுக்கு ஒருவரும், மூத்தவர்களில் 50 தொடுதலுக்கு ஒருவரும் சேலை வாங்கினால், ஒரு விற்பனைக்கான விளம்பரச் செலவு முன்னதில் 400 ரூபாய், பின்னதில் 200 ரூபாய். சேலையின் விலையே 900 ரூபாய் என்றால் முதல் கணக்கில் லாபம் காணாமல் போய்விடும்.

‘அப்படியானால் தொடுதலுக்குப் பதிலாக விற்பனையையே இலக்காக வைக்கலாமே’ என்று கேட்கலாம். அங்கேதான் சிறு வணிகரின் உண்மையான சிக்கல் இருக்கிறது. கணினி கற்றுக்கொண்டு நிலைபெற, ஒரு விளம்பரத் தொகுப்புக்கு வாரத்தில் ஏறத்தாழ 50 விளைவுகள் (இங்கே ஆர்டர்கள்) தேவை என்று மெட்டாவே சொல்கிறது. வாரத்துக்கு 3,500 ரூபாய் செலவிடுபவருக்கு, ஆர்டர் ஒன்றுக்கு 200 ரூபாய் என்ற நல்ல கணக்கிலும், 17 ஆர்டர்தான் வரும். ஆகவே எண்ணிக்கையில் எளிதாகக் கிடைக்கும் லைக்கையோ தொடுதலையோ இலக்காக வைக்கும்படி அவர் தள்ளப்படுகிறார். கணினியும் சொன்னதைச் சரியாகச் செய்து, எதைக் கண்டாலும் லைக் போடும் பழக்கமுள்ளவர்களைத் தேடிப்பிடித்துக் கொடுக்கிறது. வயது வரம்பை 35-க்கு மேல் என்று கைப்பட அமைப்பது இந்த இழுப்புக்கு ஒரு தடை. ஆனால் இப்போது முன்னிறுத்தப்படும் தானியங்கி அமைப்பில், நாம் தரும் வயது வரம்பு ஒரு பரிந்துரையாக மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகிறது. கண்டிப்பான வரம்பு வேண்டுமானால் அந்த அமைப்பை விட்டு வெளியே வர வேண்டும். இதைப் பல வணிகர்கள் கவனிப்பதே இல்லை.

தளத்துக்கு நம் வயது எப்படித் தெரியும் என்பதும் ஒரு நல்ல கேள்வி. கணக்கைத் தொடங்கும்போது நாம் கொடுத்த பிறந்த தேதியே அடிப்படை. 13 வயது நிரம்பாத பிள்ளைகள் ஆண்டை மாற்றிப் போட்டு உள்ளே வருவது ஊரறிந்த விஷயம். ஒருவரின் நடத்தையை வைத்து வயதை ஊகிக்கவும் முடியும்: மிகால் கோசின்ஸ்கி என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 58,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்களின் பேஸ்புக் லைக்குகளை மட்டும் கொண்டு அவர்களுடைய வயதை ஊகித்தபோது, ஊகத்துக்கும் உண்மை வயதுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.75 (முழுப் பொருத்தம் என்றால் 1) என்று 2013-இல் வெளியிட்டார்கள். ஆனால் அம்மாவின் கைபேசியில் மகள் ரீல்ஸ் பார்க்கும் வீட்டில், இந்த ஊகம் எந்த மனிதரைப் பற்றியது என்பதே குழப்பம்.

விளம்பரம் சரியான திரைக்குப் போய்ச் சேர்ந்தபின் வயது வேறு வகையில் வேலை செய்கிறது; அது உடலின் விஷயம். அருகில் உள்ளதைப் பார்க்கக் கண் தன் குவியத்தை மாற்றிக்கொள்ளும் திறனை டயாப்டர் என்ற அலகால் அளக்கிறார்கள். 20 வயதில் ஏறத்தாழ 10 டயாப்டராக இருக்கும் அது, 50 வயதில் 2 டயாப்டர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. முன்னவர் பத்து சென்டிமீட்டர் தொலைவிலும் படித்துவிடுவார். பின்னவருக்கு, கண்ணாடி இல்லாவிட்டால், அரை மீட்டர் தள்ளிப் பிடித்தால்தான் எழுத்து தெளியும். இதைத்தான் நாம் வெள்ளெழுத்து என்கிறோம். கைபேசியை அவ்வளவு தள்ளிப் பிடிக்கும்போது எழுத்தின் தோற்ற அளவும் சுருங்கிவிடுகிறது. வயதாக ஆக விழிலென்ஸ் மஞ்சளித்து, விழித்திரைக்குப் போகும் ஒளியும் குறைகிறது. இருபத்தைந்து வயது வடிவமைப்பாளர் ஒருவர் மெரூன் பின்னணியில் பொன்னிறத்தில் மெல்லிய எழுத்துகளால் ‘ரூ. 900’ என்று ஓர் ஓரத்தில் போட்டுவிட்டு, அழகாக இருக்கிறது என்று திருப்திப்படலாம். சேலையை வாங்கப்போகும் ஐம்பது வயதுக்காரருக்கு அங்கே விலை இருப்பதே தெரியாது. தமிழில் மெய்யெழுத்தின் புள்ளியும் ‘ர’ வுக்கும் துணைக்காலுக்கும் உள்ள சின்ன வேறுபாடும் முதலில் மறைபவை. சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிவேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டுதல்களின் அளவுகோல். அதை இலவசமாகச் சோதிக்கும் கருவிகள் இருக்கின்றன. விலையைப் பதிவிலேயே எழுதாமல் ‘டிஎம் செய்யவும்’ (தனிச்செய்தியில் கேட்கவும்) என்று போடும் வழக்கத்தைப் பற்றி, என் பங்குக்கு, நல்லதாக ஒன்றும் சொல்வதற்கில்லை.

மனத்தின் பக்கம் வந்தால், ஹெலன் ஃபங், லாரா கார்ஸ்டென்சன் ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. ஒரே பொருளுக்கு இருவகை விளம்பரங்களைக் காட்டினார்கள்: ஒன்று உறவையும் நெகிழ்ச்சியான தருணங்களையும் முன்வைத்தது, மற்றது புதியதைத் தேடிப் போவதையும் அறிவதையும் முன்வைத்தது. மூத்தவர்கள் முதல் வகையையே அதிகம் விரும்பினார்கள், அதையே நன்றாக நினைவிலும் வைத்திருந்தார்கள். ஆயுள் இன்னும் நீண்டதாக இருப்பதாக எண்ணிப்பார்க்கும்படி சொன்னபோது அந்த விருப்பம் மாறியது என்பது அந்த ஆய்வின் நுட்பமான பகுதி. எஞ்சியிருக்கும் காலத்தைப் பற்றிய உணர்வே இங்கே செயல்படுகிறது. வயது அந்த உணர்வைச் சுமந்துவருகிறது.

எந்தத் தளத்தில் எந்த வயதினர் என்ற கேள்விக்குப் பதில் விரைவில் பழசாகிவிடும். பியூ ஆய்வு மையம் 2023-இல் அமெரிக்காவில் எடுத்த கணக்கெடுப்பில், இன்ஸ்டாகிராமைப் பயன்படுத்துவோர் 18–29 வயதினரில் 78 சதவீதம், 65-ஐக் கடந்தவர்களில் 15 சதவீதம். பேஸ்புக்கில் அந்த இடைவெளி 67-க்கு 58 என்று சுருங்கியிருந்தது. ஆனால் 2004-இல் பேஸ்புக்கில் முதலில் சேர்ந்த கல்லூரி மாணவர்கள் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். வயது ஏறியதால் வரும் மாற்றம் ஒன்று, ஒரு தலைமுறை தன் பழக்கத்தை உடன் எடுத்துக்கொண்டு போவது மற்றொன்று. ஓர் ஆண்டின் அட்டவணையை மட்டும் வைத்து இவ்விரண்டையும் பிரிக்க முடியாது. இந்தியாவில் 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது நடந்ததுபோல, அரசின் ஓர் ஆணையால் ஒரு தலைமுறையே தளம் மாறுவதும் உண்டு.

எல்லாவற்றையும்விட, அறிக்கை காணாத ஒன்று இருக்கிறது. இருபத்திரண்டு வயதுப் பெண் ரீலைப் பார்க்கிறாள். அதை வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு அனுப்புகிறாள். அம்மா கடை எண்ணுக்கு அழைத்து, ‘அந்தப் பச்சை நிறம் இருக்கிறதா, சாயம் போகுமா’ என்று கேட்டு வாங்குகிறார். தளத்தின் கணக்கில் 18–24 கட்டத்தில் ஒரு பார்வை மட்டுமே பதிவாகிறது. தொலைபேசியில் முடிந்த விற்பனை எங்கும் ஏறுவதில்லை. ஆகவே அறிக்கையை மட்டும் நம்பி இளையவர்களை அடியோடு நீக்கிவிட்டால் மூத்தவர்களின் ஆர்டரும் சேர்ந்து குறையலாம். ஒரு ரீலின் லைக்குகளைவிட எத்தனை பேர் அதைப் பிறருக்கு அனுப்பினார்கள் என்ற எண்ணிக்கையைப் பார்ப்பதும், அழைப்பவரிடம் ‘எங்கே பார்த்தீர்கள், யாருக்கு வாங்குகிறீர்கள்’ என்று கேட்டு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வதும் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும்.

அந்த நோட்டுப் புத்தகத்தையும் நிதானமாகத்தான் படிக்க வேண்டும். விசாரித்த 30 இளைஞர்களில் 3 பேர் வாங்கினால் அது 10 சதவீதம். ஆனால் இவ்வளவு சிறிய எண்ணிக்கையில், உண்மையான விகிதம் 2 சதவீதம் முதல் 27 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிறது புள்ளியியல். மூத்தவர்களில் 30-க்கு 6 பேர் வாங்கியிருந்தாலும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இதே வீதம் நீடித்து ஒவ்வொரு பக்கமும் சில நூறு பேர் சேர்ந்தபிறகே சொல்ல முடியும். சிறு கடைக்கு அது ஒரு தீபாவளிக் காலமும் ஒரு பொங்கல் காலமும் எடுத்துக்கொள்ளும் வேலை.