அறுபது விருந்தினர் ஒரே பக்கம் நகர்ந்தால்

புதுச்சேரி சுண்ணாம்பாற்றில் சுற்றுலாப் படகு ஏறியவர்களுக்கு இது பழகிய காட்சி. கரையோர மரத்தில் ஒரு கொக்கு தெரிந்தால் போதும். கைப்பேசியோடு பாதிப் பேர் ஒரே பக்கம் எழுந்துவிடுவார்கள். படகு சாயும், படகோட்டி சத்தம் போடுவார். எல்லோரும் உட்கார்ந்ததும் படகு தானாக நிமிர்ந்துகொள்ளும். அதை நிமிர்த்தியது யார்? பழைய பாய்மரக் கப்பலைச் சீர்செய்து உல்லாசப் பயணத்துக்கு விடுகிறவர்களை விடாமல் துரத்தும் கேள்வி இதுதான்.

சிட்னியில் 'ஜேம்ஸ் கிரெய்க்' என்றொரு கப்பல் இருக்கிறது. 1874-இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் கட்டப்பட்ட, மூன்று பாய்மரங்கள் கொண்ட இரும்புக் கப்பல். சரக்கு சுமந்து ஓய்ந்தபின் டாஸ்மேனியாவின் ஒரு விரிகுடாவில் பல ஆண்டுகள் துருப்பிடித்துக் கிடந்தது. 1972-இல் அதை மிதக்க வைத்து, தன்னார்வலர்கள் பொறுமையாக உயிர்ப்பித்தார்கள். இன்று பயணிகளோடு பாய் விரித்துக் கடலுக்குப் போகிறது; நிறுவனங்களின் விருந்துகளும் அதில் நடக்கின்றன.

சரக்குக் கப்பலுக்குப் பாரம் வயிற்றில். விருந்துக் கப்பலுக்கோ ஆட்களெல்லாம் மேல்தளத்தில். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகுகளைக் கவனித்திருக்கிறேன்: ஐஸ் ஏற்றிய படகு நீரில் அழுந்தி நிதானமாக நிற்கும், காலிப் படகு சின்ன அலைக்கும் தலையாட்டும். அதனால்தான் சரக்கை இழந்த கப்பலின் அடியில் இரும்புக் கட்டிகளையோ கான்கிரீட்டையோ அடிபாரமாக வைக்கிறார்கள்.

உடனே தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை நினைவுக்கு வரும். அது பாதி உண்மைதான். பொம்மையை நிமிர்த்துவது அடியிலுள்ள கனம். கப்பலை நிமிர்த்துவதில் அதன் அகலத்துக்கும் பெரும் பங்கு உண்டு. கப்பல் வலப்புறம் சாய்ந்தால் அந்தப் பக்கம் அதிகமாக நீரில் அமிழும். எனவே நீர் மேல்நோக்கித் தள்ளும் விசையின் மையமான மிதப்பு மையமும் வலப்புறம் நகரும். மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் ஈர்ப்பு மையம் கப்பலின் நடுக்கோட்டிலேயே இருக்கிறது. ஒன்று மேலே தள்ள, மற்றது கீழே இழுக்க, இரண்டும் சேர்ந்து கப்பலைத் திருப்பி நிமிர்த்துகின்றன.

நகர்ந்த மிதப்பு மையத்திலிருந்து செங்குத்தாக ஒரு கோடு வரைந்தால், கப்பலின் நடுக்கோட்டை அது ஓரிடத்தில் வெட்டும். ஈர்ப்பு மையம் அந்தப் புள்ளிக்குக் கீழே இருக்கும்வரை கப்பல் நிமிரும்; மேலே போனால் கவிழும். இதைக் கணக்காக்கி 1746-இல் வெளியிட்டவர் பியர் பூகே என்ற பிரெஞ்சு அறிவியலர். புதுச்சேரியில் டூப்ளே ஆளுநராக இருந்த காலம் அது.

இந்தக் கணக்கு இல்லாத காலத்தில் கட்டியதுதான் சுவீடனின் 'வாசா' போர்க்கப்பல். புறப்படுமுன் 30 பேரைத் தளத்தில் இப்படியும் அப்படியும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் பயங்கரமாக ஆட, சோதனையை நிறுத்திவிட்டார்கள். ஆனால் பயணத்தை நிறுத்தவில்லை. 1628 ஆகஸ்ட் 10 அன்று, ஏறத்தாழ 1,300 மீட்டர் போனதும் காற்றில் சாய்ந்தது. திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியே நீர் புகுந்து மூழ்கியது. எச்சரிக்கை கண்முன்னே இருந்தும் போன உயிர்கள் அவை.

இன்றும் சோதனை ஏறக்குறைய அதேதான், ஆட்களுக்குப் பதில் எடைக்கற்கள். அமைதியான நீரில் கட்டுக்கயிறுகளைத் தளர்த்திவிட்டு, கப்பலுக்குள் கொத்தனார் வைத்திருப்பது போன்ற ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிடுகிறார்கள். குண்டு ஊசலாடாதிருக்க அதை எண்ணெய்த் தொட்டியில் அமிழ்த்தி, நூலுக்குப் பின்னால் ஓர் அளவுகோல் வைக்கிறார்கள். 600 டன் கப்பலில் 1 டன் எடையை 6 மீட்டர் குறுக்கே நகர்த்தும்போது, 3 மீட்டர் நூல் 3 சென்டிமீட்டர் விலகினால், ஈர்ப்பு மையம், பூகே சொன்ன அந்த வெட்டுப் புள்ளிக்கு 1 மீட்டர் கீழே இருக்கிறது என்று பொருள்.

அதே கப்பலில் 60 விருந்தினர், ஏறத்தாழ 4 டன், சூரிய அஸ்தமனம் பார்க்க 6 மீட்டர் நகர்ந்தால் சாய்வு 2 டிகிரியைச் சற்றுத் தாண்டும். மேசையில் தேநீர் ஒரு பக்கம் ஒதுங்கும், அவ்வளவே. விரித்த பாயில் காற்று மோதும்போது அந்தச் சாய்வோடு காற்றின் சாய்வும் சேரும். அதனால் காற்று வலுத்தால் மாலுமிகள் முதலில் மேல் பாய்களைச் சுருட்டுகிறார்கள். உயரத்தில் தள்ளும் காற்றுக்குத்தான் கப்பலைச் சாய்க்கும் வலு அதிகம்.