குணச்சித்திர நடிகை

கோடம்பாக்கத்தில் பேச்சுவழக்கில் இவர் 'கேரக்டர் பண்றவங்க'. 'குணச்சித்திர நடிகை' என்பது பத்திரிகைக்கும் விருதுப் பட்டியலுக்கும் உரிய எழுத்துச் சொல். குணம், சித்திரம் இரண்டும் வடசொற்கள். மூலமான 'கேரக்டர்' கிரேக்கத்தில் முத்திரை பொறிக்கும் கருவியையும் அது விட்ட தடத்தையும் குறித்தது. பின்பு ஆளின் இயல்பாகி, நாடக வேடமும் ஆயிற்று. அவர்கள் பொறித்ததை நாம் தீட்டிக்கொண்டோம்.

வயது, ஊர்ப்பேச்சு, நடை, தொழில் இவற்றால் ஓர் ஆளை அடையாளம் காட்டும் வேடம் இது. மேடையில் மாமியார் 'போடி' என்றால் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டும்; தோளும் கையும் சேர்ந்து தள்ளும். சீரியல் குளோசப்பில் அந்தக் கை ஃபிரேமுக்கு வெளியே போய்விடும், கண்ணைத் திருப்பினாலே போதும். முந்தானைக்குள் செருகிய மைக்கில் சபாக் குரல் உடைந்து பதிவாகும். நாடகத்திலிருந்து வருபவர்கள் முதலில் சறுக்கும் இடம் இதுதான்.

இதைத் 'துணை நடிகை' என்று எழுதுவதில்தான் சிக்கல். ஆஸ்கரில் 1936-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தும், நம் தேசிய விருதில் 1984-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தும் துணைப்பாத்திரத்துக்குத் தனி விருது உண்டு. செய்தித்தாள்கள் அதைச் 'சிறந்த துணை நடிகை' ஆக்கின. படப்பிடிப்பிலோ துணை நடிகை என்றால் கல்யாணக் காட்சியில் பின்வரிசையில் உட்கார தினக்கூலிக்கு வருபவர். நாடக மேடையிலிருந்து வந்து, 1958-இல் 'மாலையிட்ட மங்கை'யில் அறிமுகமாகி, பிற்காலத்தில் சீரியல்களிலும் நடித்த மனோரமா 'புதிய பாதை'க்குப் பெற்ற தேசிய விருதும் இந்தப் பெயரில்தான் அச்சேறியது. தமிழக அரசு விருதில் 'குணச்சித்திர' என்றே இருப்பது எவ்வளவோ மேல்.

தனித்தமிழ் வேண்டுவோர்க்குச் சொல் கைவசமே இருக்கிறது. இலக்கியத் திறனாய்வில் தலைமை மாந்தர், துணைமாந்தர் என்பது பழகிய வழக்கு. விருதுக்குத் 'துணைமாந்தர் நடிப்பு' என்றால் குழப்பம் தீரும். பல வகை வேடமும் ஏற்பவரைப் 'பன்முக நடிகை' எனலாம். மெய்ப்பாடு தோன்ற ஆடியவளைச் சங்ககாலம் 'விறலி' என்றது. அழகான சொல்தான், ஆனால் இன்று சீரியல் டைட்டிலில் போட்டால் ஊர்ப் பெயர் என்று நினைப்பார்கள்.

எழுதும்போது ஒற்றுப் பிழை அதிகம். 'குணசித்திர' தவறு, ச் வேண்டும். துணைப்பாத்திரத்தில் ப் வரும். துணை நடிகையில் எதுவும் மிகாது.