சர்க்யூட் என்றால் ஓடுபாதை இல்லை, சுற்றுத்தடம்

இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் ‘ஓடுபாதையில்’ 1950 மே 13 அன்று முதல் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன்ஷிப் பந்தயம் நடந்தது என்று தமிழில் யாராவது எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், காணொளிகளிலும் அதையே சொல்கிறார்கள். தேதி சரி, ஊர் சரி. கார்ப் பந்தயம் நடக்கும் இடத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘சர்க்யூட்’டை ஓடுபாதை ஆக்கியது மட்டும் தப்பு. வேறு எந்த ஊர்ப் பந்தயமாக இருந்தாலும் சொல் கொஞ்சம் பிசகிவிட்டது என்று விட்டுவிடலாம், சில்வர்ஸ்டோனில் இந்தச் சொல் வரலாற்றையே மாற்றிவிடுகிறது.

சர்க்யூட் லத்தீனிலிருந்து வந்த சொல். ‘சுற்றி’ என்பதும் ‘போ’ என்பதும் சேர்ந்தது; கிளம்பிய இடத்துக்கே சுற்றிக்கொண்டு வந்து சேர்வது என்று பொருள். ஊர் ஊராகப் போய் வழக்கு விசாரித்த நீதிபதிகளின் பயணமும் சர்க்யூட்தான், மின்சாரம் ஓடித் திரும்பும் வழியும் சர்க்யூட்தான். சொல்லின் உயிர் ‘திரும்பி வருவதில்’ இருக்கிறது.

ஓடுபாதை அப்படியா? விமானம் எழும்பவும் இறங்கவும் போட்ட நீளமான நேர்த்தளத்துக்குத்தான் நாம் அந்தப் பெயரை வைத்திருக்கிறோம். அதற்கு இரண்டு முனை உண்டு. செய்தித்தாள் படிக்கிற யாருக்கும் ‘ஓடுபாதை’ என்றதும் விமானம்தான் நினைவுக்கு வரும்.

இப்போது சில்வர்ஸ்டோனுக்கு வருவோம். அது 1943இல் குண்டுவீச்சு விமானப் பயிற்சிக்காகத் திறக்கப்பட்ட விமானப்படைத் தளம், வெலிங்டன் விமானங்கள் பறந்த இடம். ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் மூன்று ஓடுபாதைகள், அவற்றைச் சுற்றி விளிம்பில் ஒரு சாலை. நிறுத்தியிருக்கும் விமானம் ஓடுபாதையின் முனைக்கு உருண்டு போவதற்கான சாலை அது. போர் முடிந்ததும் பிரிட்டனில் பந்தயத்துக்கு இடமில்லை. போருக்கு முன் பந்தயம் நடந்த இடங்களில் புரூக்லண்ட்ஸ் போயேபோய்விட்டது, டோனிங்டன் ராணுவத்தின் கையில் இருந்தது, பொதுச்சாலையை அடைத்துப் பந்தயம் விடச் சட்டம் இடம் தரவில்லை. ஆனால் வேலையற்றுக் கிடந்த விமானத்தளங்கள் நிறைய இருந்தன.

1948 அக்டோபர் 2 அன்று அங்கே நடந்த பந்தயத்தில் கார்கள் உண்மையாகவே ஓடுபாதைகளில் ஓடின. விளிம்புச் சாலையிலிருந்து ஓடுபாதைக்குள் நுழைந்து தளத்தின் நடு வரைக்கும் போய், அங்கே சடாரென்று திரும்பி, மறுபடியும் விளிம்புக்கு வர வேண்டும். எதிர்ப்பக்கத்து ஓடுபாதையிலிருந்தும் கார்கள் நடுவை நோக்கியே வரும். நேருக்கு நேர் வரும் காரைப் பார்த்து ஓட்டுநர் மிரளக் கூடாது என்று நடுவில் கித்தான் திரை கட்டினார்கள்! மாசெராட்டி காரில் வந்த வில்லோரேசி ஜெயித்தார். அடுத்த வருஷமே ஓடுபாதைகளைக் கைவிட்டு, விளிம்புச் சாலையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1950இல் மன்னர் ஆறாம் ஜார்ஜ் பார்த்திருக்க, ஃபரினா, ஃபஜியோலி, பார்னெல் மூவரும் ஆல்ஃபா ரோமியோ கார்களில் முதல் மூன்று இடங்களைப் பிடித்த பந்தயம் அந்த விளிம்பில்தான் நடந்தது. ஒரு சுற்று சுமார் 4.6 கிலோமீட்டர், மொத்தம் 70 சுற்று. ஆக, எந்த ஆண்டில் ஓடுபாதையை விட்டு வெளியே வந்தார்கள் என்பதே சில்வர்ஸ்டோன் கதையின் முக்கியமான திருப்பம். சர்க்யூட்டுக்கே ஓடுபாதை என்று பெயர் வைத்துவிட்டால் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘ஓடுபாதையில் ஓடுபாதையை விட்டுவிட்டார்கள்’ என்றா?

‘கார் ஓடுகிறது, அதனால் ஓடுதளம்’ என்று வாதாடுகிறவர்கள் உண்டு. ரயிலும்தான் ஓடுகிறது, தண்டவாளத்தை ஓடுதளம் என்கிறோமா? அப்புறம், ஓடுதளம் தடகள வீரர்களுக்கும் போய்விட்டது, விமானத்துக்கும் போய்விட்டது, மூன்றாவதாகக் காரையும் ஏற்றினால் சொல் தாங்காது. ‘பந்தயச் சுற்று’ என்பார்கள் சிலர். சாம்பியன்ஷிப்பின் முதல் போட்டியும் ‘முதல் சுற்று’, ஒரு முறை வலம் வருவதும் ‘சுற்று’, இடமும் ‘சுற்று’ என்றால் படிப்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்? சுற்றுப்பாதை பரவாயில்லை, ஆனால் அது செயற்கைக்கோளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இதையெல்லாம்விட மோசம், பந்தயக் கட்டுரையில் ‘மின்சுற்று’ என்று வருவது. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிட்டு, எழுதியதை ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்காதவர்களின் வேலை அது. ஒரு முறை வலம் வருவதைக் குறிக்கும் லேப் என்பதற்கு ‘மடி’ போட்டவர்களும் இவர்கள்தான். மொழிபெயர்க்கிறவருக்கு ஒரு பந்தயத்தைப் பார்க்கிற பொறுமையாவது வேண்டாமா?

தடம் நம்மிடம் வெகுகாலமாக இருக்கிற சொல். வண்டித்தடம், ஒற்றையடித்தடம், ரயில் தடம் புரண்டது என்று எல்லோரும் புழங்குவது. சக்கரம் போகும் வழி என்பது அதிலேயே இருக்கிறது. முன்னால் ‘சுற்று’ சேர்த்தால் திரும்பி வருவதும் கிடைத்துவிடும்: சுற்றுத்தடம். நேர்வழிப் பந்தயத்துக்கும் பொதுவாகச் சொல்ல வேண்டுமானால் பந்தயத்தடம்.

சர்க்யூட் என்றே எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்கால விமானத் திடலில் பல வருஷம் நடந்த பந்தயங்களை ஜனங்கள் ‘சோழவரம் ரேஸ்’ என்றுதான் சொன்னார்கள், அதில் குழப்பம் ஏதும் வரவில்லை. தமிழ் போலத் தோன்றி வேறொன்றைச் சொல்லும் சொல்லைவிட, ஒழுங்காகப் புரிகிற கடன்சொல் எவ்வளவோ மேல்.

சுற்றுத்தடம் என்று வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் இழுபறி இல்லாமல் எழுதவரும். இங்கிலாந்தில் 1948இல் திறந்த குட்வுட், வெஸ்ட்ஹாம்ப்னெட் விமானத்தளத்தின் விளிம்புச் சாலையால் ஆன சுற்றுத்தடம். அமெரிக்காவில் 1952 முதல் 12 மணி நேரப் பந்தயம் நடக்கும் செப்ரிங், பழைய ராணுவ விமானத்தளத்தின் கான்கிரீட் ஓடுபாதைகளையும் உள்ளே சேர்த்துக்கொண்ட சுற்றுத்தடம்.